கந்தகம் பற்ற வைக்குமுன்

உலகத்தில் எல்லா உத்தியோகஸ்தனும் வீட்டுக்குள் ஆள் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு படியேறுவான்; ஆள் இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு படியேறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபால்காரர்களே, அமீனாக்களே, அம்மை குத்துகிறவர்களே, அடுத்தவர் வாசலில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்பதையே பிழைப்பாகக் கொண்ட என் இனத்தாரே, நாய் கடித்த கதையெல்லாம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே அதை விட்டுவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

அம்மை கண்ட வீட்டை அடைத்து, உள்ளே கந்தகம் எரித்துச் சுத்தப்படுத்துவது என் வேலை. ஊரில் எனக்குக் கந்தகக்காரன் என்று பெயர். ஒரு இரும்புச் சட்டியில் கந்தகப் பொடியைக் கொட்டி, சட்டியைத் தண்ணீர் நிறைந்த உருளியில் வைத்து, பொடிமேல் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றித் தீக்குச்சியைப் போடவேண்டும். பற்றியதும் வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தி, இடுக்குகளில் கஞ்சிப் பசையால் காகிதம் ஒட்டவேண்டும். கந்தகம் காற்றில் எரிந்தால் உண்டாகிற வாயுவுக்கு, அம்மைக் கிருமிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாது. எலி சாகும், பல்லி சாகும், தட்டு என்று நாங்கள் சொல்லும் பரணில் அயர்ந்து தூங்குகிறவனும் சாவான். அதனால் கதவைச் சாத்துமுன் வாசலில் நின்று, "உள்ளே ஆள் உண்டா?" என்று உரக்கக் கூப்பிடவேண்டும் என்பது எங்களுக்கு விதி. பதில் வராவிட்டால் பற்ற வைக்கலாம். பதில் வராத வீடெல்லாம் ஆள் இல்லாத வீடுதானா என்பதை நினைத்தால் எனக்குக் காலையில் குடித்த கஞ்சி இறங்காது. என் கையால் ஒருவன் மூச்சுமுட்டிச் செத்துவிடக் கூடாது என்ற அந்த ஒரு பயம்தான் என் உத்தியோகம் முழுக்க என்னோடு நடந்தது.

அதிலும் நான் வேலைக்குச் சேர்ந்தது எல்லைக் கிளர்ச்சிக் காலத்தில். எங்கள் ஊர்கள் தமிழோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. ஊர்வலம், தடியடி, தலைமறைவு என்று போய்க்கொண்டிருந்தது. பாதி வீடுகளில் ஒருவன் தட்டில் ஒளிந்திருந்தான். மீதி வீடுகளில் ஒளிந்திருப்பதாகப் போலீஸ் நினைத்தது. அரசாங்க ஆள் தனியே போனால் கல் விழும் என்று, என்னோடு வேலாயுதன் என்ற கான்ஸ்டபிளை அனுப்பினார்கள். நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளம்தான் பேசுவார். வாயில் வெற்றிலை இருந்தால் அதுவும் பேசமாட்டார். வாயில் வெற்றிலை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததும் அபூர்வம்.

நிறம் போன மாலை

கொல்லயில் என்ற ஊரில் தங்கம்மா என்றொரு பெண். அவள் கணவன் அம்மையில் கிடந்து எழுந்திருந்தான். வீட்டை அடைக்கப் போனபோது, உள்ளறையில் பகவதி படத்துக்குப் புதிதாய்க் கட்டிய சிவப்புத் தெச்சிப்பூ மாலை போட்டிருந்தாள். கழற்றிக்கொண்டு போகச் சொன்னேன். அம்மை இறங்காத வீட்டில் மாலையைக் கழற்றக்கூடாது என்று மறுத்துவிட்டாள். நானும் புதுசு, வற்புறுத்தவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பற்ற வைத்தேன், இடுக்கு வழியே பார்த்தேன். இருட்டுக்குள் அந்த நீலத் தீ மட்டும் தெரிந்தது. அது வெளிச்சம் தருகிற தீயே அல்ல. பக்கத்தில் இருந்த சுவர்கூடத் தெரியவில்லை.

மறுநாள் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது தரையைத்தான். யாரும் கிடக்கவில்லை. அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன். மாலை வாடவில்லை, உதிரவில்லை, கட்டியபடியே இருந்தது. ஆனால் வெள்ளையாக இருந்தது. ஈரப் பூவில் கந்தக வாயு பட்டால் சாயம் போகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காரணம் தெரிந்தும் உடம்பு ஒருமுறை சிலிர்த்துவிட்டது. தங்கம்மா என்னைத் தாண்டி உள்ளே வந்து, மாலையைத் தொட்டுப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிம்மதியாகச் சொன்னாள்:

"வந்தவ செவப்பெல்லாம் வாரி எடுத்துக்கிட்டு எறங்கிப் போயாச்சு, இனி எனக்க ஆளுக்கு ஒண்ணும் வராது ஆக்கும்."

எந்தப் பாஷையில் கூப்பிடுவது

பாறசாலைப் பக்கம் ஒரு வீடு. எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று சொல்லி வீட்டார் முற்றத்தில் நின்றார்கள். எனக்கு அன்று தொண்டை கட்டியிருந்ததால் வேலாயுதன் எனக்காகக் கூப்பிட்டார். "அகத்து ஆரெங்கிலும் உண்டோ?" என்று போலீஸ் குரலில் ஒரு அதட்டல். பதில் இல்லை. உள்ளே போய் ஸ்பிரிட்டை ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்தேன். குச்சி வெளிச்சத்தில், நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்துக்குப் பின்னால் இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இமைக்கவே இல்லை. கண்ணுக்குக் கீழே முகம் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. குச்சி என் விரலைச் சுட்டு அணைந்தது.

இருட்டில் நின்றுகொண்டு, கட்டிய தொண்டையால், "ஆரு? ஆளா?" என்று தமிழில் கேட்டேன். "ஆளுதான்" என்று பதில் வந்தது. அந்த வீட்டுக் கிழவர், பாட்டா என்பார்கள்; தோப்புக்குப் போயிருக்கிறார் என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். காது நன்றாகக் கேட்கும். மகன் ஊர்வலத்துக்குப் போனதிலிருந்து போலீஸ்காரர்கள் வந்து வந்து போனதில், மலையாளத்தில் யார் கூப்பிட்டாலும் மூச்சுக்காட்டாமல் இருப்பது என்று முடிவு செய்திருந்தார். குச்சியைக் கீழே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சத்தம் போட்டேன். அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வேலாயுதனைப் பார்த்தபடியே சொன்னார்:

"மலையாளத்துல கூப்பிட்டா நான் வீட்டுல இல்ல, தமிழ்ல கூப்பிட்டா உண்டு, இது இந்த வீட்டுக்க தீர்மானம் ஆக்கும்."

தாலாட்டு

எல்லாச் சாவும் கந்தகம் மாதிரி நாற்றத்தோடு வந்து எச்சரிக்காது. ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வீட்டை அடைத்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கூரை இறவாரத்தில் ஒதுங்கினேன். அந்த வீட்டுக்காரன் செல்லப்பன், மனைவி பெற்றுக் கிடக்கிறாள் என்று சொல்லிச் சுக்குக் காப்பி கொடுத்தான். அவனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். காலையிலிருந்து தாயும் பிள்ளையும் ஒரே உறக்கம், பிள்ளை ஒரு தடவைகூட அழவில்லை, பொன்னான பிள்ளை என்றான். குளிர் உள்ளே போகாமல் கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, கட்டிலுக்கு அடியில் சிரட்டைக்கரி கனல் போட்டு வைத்திருக்கிறேன் என்றும் சொன்னான்.

காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். புகை இல்லை, நாற்றம் இல்லை, கண்ணில் எரிச்சல் இல்லை. அறை கதகதவென்று சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் என்னைப் பயமுறுத்தியது. காற்றுப் போதாமல் கரி எரிந்தால் உண்டாகிற வாயுவுக்கு மூக்கில் பிடிபடுகிற எந்த அடையாளமும் கிடையாது. தாய்க்கும் பிள்ளைக்கும் கன்னம் நல்ல சிவப்பாய் இருந்தது, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் போல. இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு மழைச்சாரலுக்கே வந்துவிட்டோம். பிள்ளை அழுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தாய் வாந்தியெடுத்து, கண்ணைத் திறந்து, வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு பெண்கள் கிடையாது. ஆனால் அவள் என்னிடம் வருத்தத்தோடு சொன்னாள்:

"ஒரு பொம்பள தலமாட்டுல இருந்து தாலாட்டிக்கிட்டே இருந்தா, நீங்க கதவு தெறந்ததும் பாட்ட பாதில நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

கம்பளி

என் பயம் கடைசியில் ஊருக்கும் தொற்றியது. காரக்கோணத்துக்கு அப்பால், அம்மையில் இறந்த ஒருவரின் பாயையும் கம்பளியையும் வீட்டுக்குப் பின்னால் போட்டு எரித்தேன். கம்பளி ஆட்டு மயிர். அது எரிந்தால் தலைமயிர் கருகிய நாற்றம்தான் வரும். காற்று ஊர்ப் பக்கம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் வேலி நெடுக ஆட்கள் வந்து நின்றார்கள். போலீஸ் அடித்துக் கொன்ற ஒருவனைக் கந்தகக்காரன் கையில் கொடுத்து எரிக்கச் சொல்லியிருக்கிறது என்று பேச்சு எனக்கு முன்னால் கிளம்பிப் போயிருந்தது. கம்பளி, கம்பளி என்று நான் கத்தினேன். கத்தக் கத்த என் குரல் எனக்கே பொய்க்குரலாய்க் கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் ராஜம்மா என்று பிறகு சொன்னார்கள். ஊர்வலத்துக்குப் போன அவள் கணவன் திரும்பி வரவில்லை. கனலுக்குப் பக்கத்தில் குந்தி, சாம்பலை வெறுங்கையால் அளைந்தாள். பாய் எரிந்த இடத்தில் சாம்பல் வெளுத்திருந்தது. கம்பளி எரிந்த இடத்தில் கறுத்த கட்டி கட்டியாய்க் கிடந்தது. ஒவ்வொரு கட்டியையும் எடுத்து விரலுக்கிடையில் நொறுக்கிப் பார்த்தாள். கை சுடுகிறது என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வேலாயுதன் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். கடைசிக் கட்டியும் பொடியான பிறகு எழுந்து, கறுத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"எலும்பு ஒண்ணும் இல்ல; அப்பொ நான் இன்னும் தாலி கழத்தண்டாம்."

ஓர் ஆமென் கூடுதல்

பாறசாலையை அடுத்த ஒரு கிராமத்தில் மாசிலாமணி என்ற தச்சு மேஸ்திரி அம்மையில் இறந்து, அடக்கம் முடிந்திருந்தது. நான் போகிற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். மனைவி எஸ்தர், ஒரே மகன் தேவதாஸ். தேவதாஸ் ஊர்வலத்தில் கல்லெறிந்தான் என்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அப்பன் சாவுக்கு வராமல் இருக்கமாட்டான், வந்தவன் வீட்டுக்குள்தான் இருக்கவேண்டும் என்பது சப் இன்ஸ்பெக்டரின் கணக்கு. ஆனால் அம்மை வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவருக்குப் பயம், அவருடைய ஆட்களுக்கும் பயம். அதனால் என்னைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார். "நீ கந்தகம் கத்திக்கு. அகத்து எலி உண்டெங்கில் புறத்து சாடும்" என்றார்; கந்தகத்தைக் கொளுத்து, உள்ளே எலி இருந்தால் வெளியே குதிக்கும் என்று அர்த்தம். வெளியே சாடினால் அவனுக்கு ஸ்டேஷன். அந்த நாட்களில் உள்ளே போனவர்களில் சிலர் நடந்து திரும்பவில்லை. சாடாவிட்டால் என் சட்டி.

சட்டியையும் உருளியையும் கொண்டுபோய் நடு அறையில் வைத்தேன். மாசிலாமணி கிடந்த கட்டில், பாய் இல்லாமல் வெறும் பலகையாகக் கிடந்தது. மேலே மரத் தட்டு. "உள்ளே ஆள் உண்டா?" என்று மெதுவாகத் தமிழில் கேட்டேன். ஒரு அசைவும் இல்லை. கந்தகம் எடுக்க வெளியே வந்தேன். சப் இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கூப்பிட்டார், நான் மறுபடியும் தமிழில் கூப்பிட்டேன். வீடு பேசாமல் இருந்தது. எஸ்தரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கந்தகப் பையைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தம்பி, ஒரு ஜெபம் பண்ணிட்டு தீ வையும். அவரு கெடந்த எடமாக்கும்" என்றாள். வேலிக்கு வெளியே அக்கம்பக்கத்தார் எல்லாம் நின்றார்கள். ஜெபத்தைத் தடுக்க சப் இன்ஸ்பெக்டருக்கும் மனம் வரவில்லை.

கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்து எப்போது முடியும் என்று பார்க்கிற சாதி நான். இருந்தாலும் கண்ணை மூடி, தெரிந்ததையெல்லாம் சேர்த்து, இந்த வீட்டில் யாருக்கும் ஒரு சேதமும் வரக்கூடாதே கர்த்தாவே என்று முடித்தேன். முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் "ஆமென்" என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு அது மூச்சு மாதிரி. ஜெபம் முடிகிற சத்தம் கேட்டால் தூக்கத்திலும் வாய் திறந்துவிடும். எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு "ஆமென்" வந்தது. ஆண்குரல். நிதானமான குரல்.

எஸ்தரம்மாவுக்கு முகம் சாம்பலாகிவிட்டது. "ஆரா அது?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். வேலாயுதன் வெற்றிலையைத் துப்பினார். அவர் தானாக வெற்றிலையைத் துப்பியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஞானா சாறே" என்றார், நான்தான் ஐயா என்று.

"நீ எந்நு முதலா கிறிஸ்தியானி ஆயது?"

"இந்நு முதலு சாறே."

ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளே ஆள் உண்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்வது என்று யோசிக்க நேரமும் இல்லை. கந்தகமும் நீலமாக எரியும், ஸ்பிரிட்டும் நீலமாக எரியும். இடுக்கு வழியே பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஸ்பிரிட் எரிந்தால் உண்டாவது நீராவியும், சோடாவில் பொங்கி வருகிற அந்த வாயுவும் மட்டுமே. உள்ளே போய்ச் சட்டியில் ஸ்பிரிட்டை மட்டும் ஊற்றினேன். நாற்றத்துக்காக ஒரு ஓட்டுச்சில்லில் ஒரு சிட்டிகை கந்தகம் போட்டு வாசற்படியின் உட்பக்கம் வைத்தேன். இரண்டையும் பற்ற வைத்துக் கதவைச் சாத்திக் காகிதம் ஒட்டினேன். சப் இன்ஸ்பெக்டர் ஒட்டாத ஒரு இடுக்கில் கண்ணை வைத்தார். நீலத் தீயையும் பார்த்தார், சிட்டிகைக் கந்தகமும் அவர் மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே அயினி மரத்தடிக்கு ஓடினார். நேரம் போயிற்று. யாரும் சாடவில்லை. "மனுஷ்யன் உண்டெங்கில் இப்போள் சத்தேனே", ஆள் இருந்திருந்தால் இதற்குள் செத்திருப்பான் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்.

வேன் சத்தம் ஓய்ந்ததும் காகிதத்தைக் கிழித்துக் கதவைத் திறந்தேன். தட்டிலிருந்து தேவதாஸ் இறங்கி வந்தான். எஸ்தரம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயசில் அம்மை விளையாடிய தழும்பு முகம், அதனால்தான் அந்த வீட்டில் ஒளியத் துணிந்திருக்கிறான். எனக்கு அதுவரை அடக்கிவைத்த பயமெல்லாம் கோபமாய் வந்தது. "எலே, கூப்பிட்டப்போ வாய மூடிக்கிட்டு இருந்துட்டு, போலீஸ் நிக்கும்போ ஆமென் சொல்லுவியா? அந்த ஆமென் மட்டும் கேக்கலேன்னா நான் கந்தகத்த கொட்டியிருப்பேன், தெரியுமா?" என்று கத்தினேன். அவன் முழித்தான். இருமல் வெளியே கேட்காமலிருக்க போலீஸ் வந்ததிலிருந்தே வாயில் அடைத்து வைத்திருந்த துவர்த்துத் துண்டை எடுத்துக் காட்டினான். ஒரு பக்கம் முழுக்க எச்சில் நனைந்து, பல்தடம் பதிந்திருந்தது. நான் வேலாயுதனைப் பார்த்தேன். தானும் ஆமென் சொல்லவில்லை என்று அவர் தலையாட்டினார். தேவதாஸ் வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நான் வாயே தெறக்கல்ல அண்ணே, சத்தம் எனக்குக் கீழயாக்கும் கேட்டுது, அப்பாவுக்க கட்டில்ல இருந்து."

அதற்குப் பிறகும் பல வருஷம் கந்தகம் எரித்தேன். வீட்டுக்குள் உயிரோடு ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்தேனே தவிர, வீடு காலி என்று ஒருநாளும் எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.